வடிச்சல் ஆலையும் வாரிசுகளின் கடனும்

பயன் தீர்ந்த ஒரு பொருளைப் பெருஞ்செலவில் திருத்தி நிறுத்துவது சரியா என்ற கேள்வி மேலோட்டத்தில் எளிமையானதாகத் தோன்றும். பழைய கட்டடம், பழைய படகு, பழைய அச்சு இயந்திரம் என்று எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி எதிரே வந்து நிற்கும். ஆனால் அந்தப் பொருள் ஒரு நிலத்தையே உண்டாக்கியதாகவும், அதே நிலத்தை மெல்ல மெல்லத் தாழ்த்தியதாகவும் இருந்துவிட்டால் விடை சொல்வது கடினமாகிவிடுகிறது. நீர் வடிக்கும் காற்றாலைகளைப் பற்றிச் சில காலமாக வாசித்து வரும் எனக்கு இந்தச் சிக்கல் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. முடிந்த முடிவாகவன்றி, ஒரு கலந்துரையாடலின் தொடக்கமாக அதை வாசகர் முன் வைக்கிறேன்.

காற்றாலை என்றதும் நம்மவருக்கு இன்று நினைவுக்கு வருவது கற்பிட்டியிலும் மன்னாரிலும் மின்சாரம் உற்பத்தி செய்வதற்காக நிற்கும் வெள்ளைத் தூண்கள். கொஞ்சம் பழைய படங்களைப் பார்த்தவர்கள் கோதுமை அரைக்கும் ஆலையை நினைப்பார்கள். ஆனால் காற்றுக்கு மனிதன் கொடுத்த மிகப் பழைய வேலைகளுள் ஒன்று நீரை இறைப்பது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்-மஸ்ஊதி, காற்றும் மணலும் நிறைந்த ஸிஜிஸ்தான் நாட்டில் காற்றினால் ஆலைகள் சுழல்வதையும், நீர் இறைக்கப்பட்டுத் தோட்டங்கள் பாய்ச்சப்படுவதையும் பதிவுசெய்திருக்கிறார். இன்றைய ஈரானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கும் பகுதி அது. அங்குள்ள ஆலைகளின் அச்சு செங்குத்தாக நிற்கும். ஐரோப்பாவில் பின்னர் தோன்றிய ஆலைகளின் அச்சோ கிடையாகப் படுத்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததா, தனித்தனியே தோன்றியவையா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஸிஜிஸ்தானில் காற்று நீரை வரண்ட நிலத்துக்கு ஏற்றியது. ஒல்லாந்தரின் நாட்டில் அதே காற்று நிலத்திலிருந்து நீரை வெளியேற்றியது. கருவி ஏறத்தாழ ஒன்றுதான். மனிதனின் தேவைதான் திசையைத் தீர்மானித்தது. இந்த விடயத்தைப் பின்னால் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒல்லாந்து நாட்டில் வடிச்சலுக்குக் காற்றாலைகள் பயன்பட்டு வந்துள்ளன. கிழக்கிலங்கை வயற்காரருக்கு ‘வடிச்சல்’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. தேங்கிய நீரை வெளியேற்றாவிட்டால் பயிர் அழுகும். ஆனால் நம்முடைய வடிச்சல் வாய்க்காலில் நீர் தானாகவே பள்ளத்தை நோக்கி ஓடிவிடும். ஒல்லாந்தரின் நிலமே பள்ளம். ஆற்றின் மட்டம் வயலின் மட்டத்தைவிட மேலே நிற்கும். எனவே நீரைத் தூக்கித்தான் வெளியே ஊற்ற வேண்டும். துடுப்புப் பலகைகள் பொருத்திய ஒரு பெரிய சில்லு, ஒடுக்கமான வாய்க்காலுக்குள் சுழன்று நீரை மேல்நோக்கித் தள்ளும். இவ்வாறான ஒரு சில்லினால் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்துக்கே நீரை ஏற்ற முடியும். ஆழமான இடமென்றால் மூன்று நான்கு ஆலைகளைப் படிப்படியாக நிறுத்தி, ஒன்று ஏற்றிய நீரை அடுத்தது வாங்கி மேலும் ஏற்ற வேண்டும். பேம்ஸ்டர் என்ற ஏரி இவ்வாறுதான் 1612இல் வற்றவைக்கப்பட்டு விளைநிலமாயிற்று. 1635இல் ஸ்கெர்மர் ஏரியை வற்றவைக்க 52 ஆலைகள் தேவைப்பட்டன. இன்று அங்கே 11 ஆலைகள் எஞ்சியிருக்கின்றன.

ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை நமது கரையோரங்களை ஆண்டவர்கள். அவர்களின் கோட்டைகளையும் கால்வாய்களையும் நாம் அறிவோம். அவர்களுடைய கப்பல்கள் இங்கிருந்து கறுவாவை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1738இலும் 1740இலும், அவர்களின் தாய்நாட்டில் கிண்டர்டைக் என்ற இடத்தில் வரிசை வரிசையாக வடிச்சல் ஆலைகள் எழுந்தன. இன்று அங்கு 19 ஆலைகள் நிற்கின்றன. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெளியில் மற்றவர் நிலத்தைப் பிடித்தவர்கள், வீட்டில் தம் நிலத்தை நீரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, அவர்களைப் பற்றிய நமது சித்திரத்தில் ஒரு கோடு கூடுகிறது. அது அவர்களின் ஆட்சியை நியாயப்படுத்தாது. நம்மை ஆண்டவர்களும் தம் ஊரில் வெள்ளத்துக்கு அஞ்சி விழித்திருந்த மனிதர்களே என்பதை மட்டும் அது சொல்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி வந்தது. ஹார்லெம் ஏரியை 160 காற்றாலைகளைக் கொண்டு வற்றவைக்கலாம் என்று லேஹ்வாட்டர் என்ற ஆலைப்பொறியாளர் 1641இல் திட்டம் எழுதினார். அந்த ஏரி 1849க்கும் 1852க்கும் இடையில்தான் வற்றியது. அதைச் செய்து முடித்தவை மூன்று நீராவி நிலையங்கள். அவற்றுள் ஒன்றுக்கு லேஹ்வாட்டரின் பெயரையே வைத்தார்கள். காற்றை நம்பிய மனிதனின் பெயர், காற்றை வேலையிலிருந்து நீக்கிய இயந்திரத்துக்குச் சூட்டப்பட்டது. பின்னர் டீசலும் மின்சாரமும் வந்தன. ஆயிரக்கணக்கான ஆலைகள் பிடுங்கப்பட்டன, எரிந்தன, உக்கின. எஞ்சியவற்றைக் காப்பதற்கென்று 1923இல் ஒரு சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கிண்டர்டைக் ஆலைகள் மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டன. கைவிட்ட கிழவனைக் கஷ்ட காலத்தில் தேடிப் போவது போன்ற காரியம்தான் அது.

நீர்ப்பாசனத் துறையில் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற மூத்த நண்பர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னேன். அவர் கடுமையாகவே மறுத்தார். “மையித்துக்குச் சேட்டுத் தைக்கிற வேலைதானே தம்பி இது? கரண்டில ஓடுற ஒரு மோட்டர் அந்தப் பத்தொன்பது ஆலையும் செய்யிற வேலையச் செய்யும். மற்றதெல்லாம் படம் புடிக்க வாறவனுக்கு” என்றார். “அப்ப அதக் கழற்றி விறகாக்கச் சொல்றீங்களா காக்கா?” என்று கேட்டேன். “விறகாக்கச் சொல்லல்ல. அது உயிரோட இருக்கு எண்டு பொய் சொல்லாதீங்க எண்டுதான் சொல்றன்” என்றார்.

அவருடைய கூற்றில் ‘பொய்’ என்ற சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. திருத்திய ஆலை ஒரு பொய்யா? இதற்கு விடை காண, ஓர் ஆலையில் காக்கப்படுவது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மரமா? காற்றாலை என்பது எந்தக் காலத்திலும் பழைய மரத்தினால் ஆனதன்று. மழையிலும் வெயிலிலும் சுழலும் இறக்கைகள் சில பத்தாண்டுகளில் மாற்றப்பட வேண்டியவை. துடுப்புப் பலகைகள் அதற்கு முன்பே தேயும். பற்சில்லின் மரப்பற்கள் ஒவ்வொன்றாக மாறும். ஆலை வேலை செய்துகொண்டிருந்த நாட்களிலேயே அது தவணை முறையில் புதிதாகிக்கொண்டிருந்தது. பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்று கிரேக்கர் கேட்ட கேள்வியை ஆலைக்காரனிடம் கேட்டால் அவன் சிரிப்பான். பலகை மாற்றாத ஆலை அவனுக்கு ஆலையே அல்ல. அது இடிபாடு.

அப்படியானால் உருவமா? உருவத்தை மட்டும் காப்பதும் இயலாத காரியம். அசையாமல் நிற்கும் ஆலையில் ஒரே பக்கம் மழை விழும், ஒரே இடத்தில் பாரம் அழுத்தும், புழு குடியேறும். சுற்றுகின்ற ஆலைதான் நெடுங்காலம் நிற்கும் என்பது ஆலைக்காரரின் அனுபவ அறிவு. எனவே ஓர் ஆலையைக் காக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றவிட வேண்டும். சுற்றவிடுவதற்குக் காற்றின் மனதறிந்த ஒருவர் வேண்டும். பாயை எவ்வளவு விரிப்பது, முடியை எப்போது காற்றின் பக்கம் திருப்புவது, எந்த முகிலைக் கண்டதும் தடையைப் போடுவது என்பவை நூலில் படித்து வருவன அல்ல. ஒல்லாந்தில் 1972இல் தொண்டர்களாக ஆலை ஓட்டுவோருக்கான கழகம் ஒன்று உருவானது. 2017இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலையே மனிதகுலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முன்னர் ஆலைகளுக்குக் கிடைத்த மரியாதை, இருபது ஆண்டுகள் கழித்து ஆலைக்காரனின் கைக்கும் கண்ணுக்கும் கிடைத்தது. இந்த வரிசை பிழையானது, கையைத்தான் முதலில் காத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆக, காக்கப்படுவது வேலையும் வேலையறிவுமே. நண்பரின் குற்றச்சாட்டுக்கு இது பாதி விடைதான். மீதியில்தான் உண்மையான தொல்லை இருக்கிறது. ஏனெனில் எந்த வேலை என்று அடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் கிழக்கே, கேம்பிறிட்ஜைச் சூழ்ந்து ‘பென்’ எனப்படும் சதுப்பு நிலங்கள் ஒரு காலத்தில் பரந்து கிடந்தன. அங்கு வாழ்ந்தவர்கள் மீன் பிடித்தார்கள், விலாங்கு பிடித்தார்கள், நீர்ப்பறவைகளை வேட்டையாடினார்கள், நாணல் வெட்டிக் கூரை வேய்ந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பெட்போர்ட் பிரபுவும் அவரோடு முதலிட்டவர்களும் சேர்ந்து, வெர்முயிடன் என்ற ஒல்லாந்துப் பொறியாளரைக் கொண்டு இந்தச் சதுப்பை வடிக்கத் தொடங்கினார்கள். 1637இல் ஒரு நெடுங்கால்வாயும் 1651இல் இன்னொன்றும் வெட்டப்பட்டன. முதலிட்டவர்களுக்கு வடித்த நிலத்தில் பங்கு. சதுப்பை நம்பிப் பிழைத்தவர்களுக்கோ பிழைப்புப் போனது. அவர்கள் அணைகளை உடைத்தார்கள், கால்வாய்களைத் தூர்த்தார்கள். வரலாறு எழுதியவர்கள் வடித்தவர்களை முன்னேற்றத்தின் ஆட்கள் என்றும் உடைத்தவர்களைக் கலகக்காரர்கள் என்றும் எழுதினார்கள்.

நிலம் வேறொரு வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தது. அந்தச் சதுப்பின் அடியில் இருந்தது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாணலும் பாசியும் நீருக்குள் முழுதாக அழுகாமல் படிந்து உண்டான கறுத்த மண். நீர் இருக்கும்வரை அது அப்படியே இருக்கும். நீரை வடித்ததும் சுருங்கும். காற்றுப் பட்டதும் உக்கிக் கரியமில வாயுவாகிப் பறந்துவிடும். முதலில் கால்வாய் வழியே தானாக ஓடிய நீர், நிலம் தாழ்ந்ததும் ஓட மறுத்தது. அதைத் தூக்கி ஊற்றக் காற்றாலைகளை நிறுத்தினார்கள். நிலம் மேலும் தாழ்ந்தது. காற்றாலைக்கு எட்டாத பள்ளமானதும் நீராவி வந்தது, பிறகு டீசல், பிறகு மின்சாரம். ஒவ்வொரு தீர்வும் அடுத்த பள்ளத்தைத் தோண்டியது. ஹோம் பென் என்ற இடத்தில் 1851இல் ஓர் இரும்புத் தூணை, அதன் தலை தரைமட்டத்துக்கு வரும்வரை மண்ணுள் இறக்கினார்கள். இன்று அதன் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 4 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. தூண் வளரவில்லை. அதைச் சுற்றியிருந்த நாடு இறங்கிவிட்டது.

வடிச்சலைத் தொடங்கியவர்கள் தமக்காக மட்டும் தொடங்கவில்லை. தங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். நெதர்லாந்தின் பரப்பில் ஏறத்தாழ 26 சதவீதம் கடல்மட்டத்துக்குக் கீழே உள்ளது. அங்கே இறைப்பதை நிறுத்துவதென்றால் ஊரைக் காலி செய்ய வேண்டும். கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்தச் சுமை ஆண்டுக்காண்டு கூடுகிறது. இன்னும் பிறக்காதவர்களின் பெயரில் கடன் வாங்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே, வடிச்சல் ஆலைகள் என்னிடம் கேட்கும் மிகக் கனமான கேள்வி.

வடகடல் ஓரத்துப் பழைய அணைச் சட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. அணையில் தன் பங்கைப் பேண முடியாதவன் தன் மண்வெட்டியை அணையில் குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போய்விட வேண்டும். அதைப் பிடுங்கி எடுப்பவனுக்கு நிலம் கிடைக்கும். அத்தோடு அணையைப் பேணும் கடமையும் அவன் தலையில் ஏறும். உரிமையும் கடமையும் ஒரே மண்வெட்டியில் இருந்தன. கொடுமையான சட்டம்தான், வறியவனை அது வீதிக்கு அனுப்பியிருக்கும். ஆனால் நிலத்தின் விளைச்சலை எடுத்துக்கொண்டு அதன் சுமையை வேறொருவரிடம் தள்ளிவிடும் தந்திரத்துக்கு அதில் இடமில்லை. மரபுரிமை விடயத்திலும் இந்த மண்வெட்டி நினைவில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முன்னோரின் ஆலையைப் பெருமையோடு எடுத்துக்கொள்பவர், அந்த ஆலை விட்டுச்சென்ற பள்ளத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி விக்கன் பென்னுக்கு வருகிறேன். கேம்பிறிட்ஜ்ஷயரில் வடிக்கப்படாமல் தப்பிய சிறு சதுப்புத் துண்டுகளுள் ஒன்று அது. 1899இல் அதன் ஒரு சிறு பகுதியை, இங்கிலாந்தின் மரபுரிமைக் காப்பு அமைப்பான நாஷனல் டிரஸ்ட் விலைக்கு வாங்கியது. சுற்றியிருந்த வயல்களெல்லாம் வடிந்து தாழ்ந்துபோக, தாழாத இந்தச் சதுப்பு மேடாகிவிட்டது. மேட்டிலிருந்து நீர் பக்கத்து வயல்களை நோக்கிக் கசிந்தோடியது. வடிக்காமல் காத்த நிலமே வறளத் தொடங்கிற்று. அருகில் ‘அட்வெஞ்சரர்ஸ் பென்’ என்ற இடத்தில் ஒரு சிறிய மரக் காற்றாலை கைவிடப்பட்டுக் கிடந்தது. முதலிட்டுத் துணிந்த அந்தப் பதினேழாம் நூற்றாண்டுக்காரர்களின் பெயரைத் தாங்கிய இடம் அது. அங்கே நீரை வடிப்பதற்கென்று கட்டப்பட்ட ஆலை அது. அதைக் கழற்றி எடுத்து வந்து, திருத்தி, 1956இல் விக்கன் பென்னில் நிறுத்தினார்கள். இம்முறை கொடுத்த வேலை வேறு. வாய்க்காலிலிருந்து நீரை எடுத்துச் சதுப்புக்குள் ஊற்ற வேண்டும். பென் நிலங்களில் எஞ்சிய மரத்தாலான கடைசி நீரிறைப்பு ஆலை, தன் வாழ்நாள் வேலைக்கு நேர்மாறான வேலையை ஏற்றுக்கொண்டது.

இதை எதிர்ப்போர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆலையை அதன் இடத்திலிருந்து பெயர்த்தாயிற்று. அதன் நோக்கத்தையும் புரட்டியாயிற்று. இனி அது எதற்குச் சாட்சி? வடித்தவர்களின் வரலாற்றுக்குமல்ல, சதுப்பு மக்களின் வரலாற்றுக்குமல்ல. நாளைக்கு ஒருவர் பழைய சிறைச்சாலையை ஹோட்டலாக்கிவிட்டு அதையும் மீள்திருத்தம் என்பார். எல்லை எங்கே?

நான் இவ்வாறு பார்க்கிறேன். ஒரு பொருளுக்கு விசுவாசமாக இருப்பதும் அதை முதலில் செய்தவனின் எண்ணத்துக்கு விசுவாசமாக இருப்பதும் ஒன்றல்ல. ஸிஜிஸ்தானின் காற்று நீரை நிலத்துக்கு ஏற்றியதை முன்னர் சொன்னேன். காற்றாலைக்கென்று வறட்சியோ ஈரமோ கொள்கையாக இருந்ததில்லை. நீர் எங்கே இருக்க வேண்டும் என்று மனிதன் தீர்மானிக்கிறான், ஆலை தூக்குகிறது. எனவே விக்கன் பென்னில் மாறியது ஆலையின் இயல்பு அன்று, மனிதனின் தீர்மானம். தீர்மானம் மாறியதற்குக் காரணம், முந்திய தீர்மானத்தின் விலை தெரியவந்தது. அந்த விலையைச் செலுத்தும் பணிக்கு, அந்த விலையை ஏற்றிய கருவிகளுள் ஒன்றையே அமர்த்தியது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. சிறைச்சாலை ஹோட்டலில் முன்பு நடந்தது மறக்கப்பட்டால்தான் வியாபாரம் நடக்கும். விக்கன் பென் ஆலையிலோ முன்பு நடந்ததைச் சொல்லாவிட்டால் இப்போது நடப்பதற்கு அர்த்தமே இல்லை. எல்லை அங்கேதான் இருக்கிறது. பழைய கதையை மூடி நிற்கும் திருத்தம் பொய். பழைய கதையைச் சொன்னால் மட்டுமே புரியக்கூடிய திருத்தம் உண்மை.

வேலையே இல்லாமல் வெறுமனே சுற்றும் ஆலைகளை என்ன சொல்வது? நோர்போக்கில் ஹோர்ஸி என்ற இடத்து ஆலை 1943இல் மின்னல் தாக்கி நின்றது. அதன் இறக்கைகள் மீண்டும் சுழன்றது 2019இல். இப்போது அங்கே வடிச்சலைப் பார்ப்பது மின்சாரம். இங்கே என் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வலு அதிகம். ஆயினும் ஒல்லாந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆலை நிற்கும்போது இறக்கையை உச்சிக்குச் சற்று முன்னால் நிறுத்தினால் வீட்டில் மகிழ்ச்சி, உச்சியைச் சற்றுக் கடந்து நிறுத்தினால் துக்கம். 2014 ஜூலையில் மலேசிய விமானம் ஒன்று உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பகுதியினர் நெதர்லாந்துக்காரர். உடல்கள் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட நாளில் காற்றாலைகள் துக்க நிலையில் நின்றன. நீரிறைக்கும் வேலை போன பின்னும் ஒரு சமூகத்துக்காகத் துக்கம் காக்கும் வேலை அவற்றிடம் இருந்தது. ஒரு மின்மோட்டரை யாரும் துக்க நிலையில் நிறுத்த முடியாது. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது சரி, ஆனா அதுக்குப் பின்னால மோட்டர் ஓடிட்டுத்தான் இருக்கும்” என்றார். அதுவும் உண்மை. அந்த மோட்டரையும் பார்க்க வருவோருக்குக் காட்ட வேண்டும் என்று சொன்னேன். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை அமானிதம் என்கிறோம். அமானிதத்தை வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பது ஒரு வகை. ஆனால் ஆலையும் நிலமும் நீரும் பூட்டி வைத்துத் திருப்பிக் கொடுக்கக்கூடிய நகைகள் அல்ல. அவை நம் கையில் இருக்கும்போதே தேய்கின்றன, தாழ்கின்றன, வடிகின்றன. அவற்றை அடுத்தவரிடம் கொடுக்கும்போது எவ்வளவு தேய்ந்திருக்கிறது, யாரால் தேய்ந்தது, இனி என்ன செய்ய வேண்டியிருக்கும் என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுப்பதே நம்மால் ஆகக்கூடியது. ஆலையைத் திருத்துபவர்கள் அதன் அருகே ஹோம் பென்னின் தூணைப் போன்ற ஓர் அளவுகோலையும் நட்டுவைத்தால், வருகிற பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். அதற்குத் தேவையான உண்மையை மறைக்காமல் கொடுப்பது நமது பொறுப்பு.